ஏரியரசன், கடைசிப் பாகம்

வாசல் அன்றும் நனைந்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. பங்குனி வெயிலில் அல்சூர் ஏரியே ஓரங்களில் வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் சிவாஜிநகரில் துணி மூட்டைகளை இறக்கிவிட்டு, தோள் கழன்று விழுகிற மாதிரி அசோகன் வீடு திரும்பியபோது, படிக்கல்லின்மேல் ஒரு பாதத்தின் அகலத்துக்கு ஈரம் இருந்தது. பாசி வாடை அடித்தது. நேற்று அந்த ஈரம் படிக்குக் கீழே, மண்ணில் இருந்தது.

பக்கத்து வீட்டுக் கோமளம் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீயாம்மா இங்க தண்ணி கொட்டினது?"

"குடிக்கவே சொட்டு இல்ல, உன் வாசல்ல கொண்டாந்து கொட்டறேனா?" என்று சிரித்தாள். "என்னாண்ணா, உன் கதையில வர்ற ராஜா இன்னும் வந்து சேரலையா? தெரு முழுக்க உன் பாட்டுதான். நீ எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனுக்குத் தலை நரைச்சிடும், போ."

அசோகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே மகள் அனுஷா பாயில் கிடந்தாள். டைபாய்டு. கழுத்தெலும்பு மட்டும் துருத்திக்கொண்டு, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாடகை நூலகத்தில் அவள் எடுத்துப் படித்துவந்த 'ஏரியரசன்' கதையை அவன்தான் படித்துக் காட்டினான். படித்தால்தான் கஞ்சி இறங்கும். நிறுத்தினால் வாயை மூடிக்கொள்வாள். தாயில்லாத பெண்ணை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது அந்தக் கஞ்சிதான்.

நாற்பது வயதுக்குமேல் ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றவன் அசோகன். மனசுக்குள் படிக்க அவனுக்கு வராது. வரிக்கடியில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு மூன்று தடவை சொல்வான். முதலில் எழுத்து எழுத்தாக. அப்புறம் சொல் சொல்லாக. மூன்றாவது தடவைதான் வரி ஒட்டிக்கொண்டு பொருள் கொடுக்கும். வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும்.

ஏரிக்கு அடியில் ஆள்கிற அரசன் ஒருவன், கரையில் குடியிருக்கும் பெண்மேல் ஆசைப்படுகிறான். இதுதான் கதை. பாகத்துக்குப் பாகம் நெருங்கிக்கொண்டே வந்தான். முதலில் நடு ஏரி, பிறகு கரை, பிறகு தெரு. ஆனால் அவனுக்கு ஒரு கட்டு இருந்தது. பெற்றவன் தன் வாயால் மூன்று முறை சொல்லிப் பெண்ணைக் கொடுத்தால் ஒழிய அவளைத் தொட முடியாது.

"அந்த அப்பன் குடுக்கமாட்டான் கண்ணு," என்றான் அசோகன், கஞ்சியை ஆற்றிக்கொண்டே. "மூட்டை தூக்குறவன் இல்ல அவன், கெட்டிக்காரன்."

"இன்னைக்குத் தெரிஞ்சிடும்பா. இன்னும் ரெண்டு பக்கந்தான்."

கரண்ட் போயிற்று. சிம்னி விளக்கை ஏற்றிக் கதவைத் தாழ்போட்டான். திரும்பியபோது விளக்கொளியில் தெரிந்தது, வாசலுக்கு உள்பக்கம், சிமெண்டுத் தரையில், இன்னொரு ஈரம்.

"நாளைக்குப் படிக்கலாமே?"

"அப்போ கஞ்சியும் நாளைக்கே." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தான். புத்தகத்தை எடுத்தான்.

மண்ணெண்ணெய்ப் புகையும், மருந்து வாடையும், அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்து தொண்டையில் படிந்துகொண்ட பாசி வாடையுமாக அறை கனத்துப்போயிருந்தது; அவன் விரல் வரி வரியாக நகர நகர, பீரோவுக்குப் பின்னாலிருந்தோ பானைக்குப் பக்கத்திலிருந்தோ, நனைந்த துணியை யாரோ பிழியாமலே தொங்கவிட்டது போல, சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம் கூடவே வந்தது. அவன் நிறுத்தினால் அதுவும் நின்றது. தொடர்ந்தால் தொடர்ந்தது. அனுஷா வாயைத் திறந்தாள். ஒரு வாய் இறங்கியது. இன்னொரு வாய்.

கடைசிப் பக்கம். அரசன் வீட்டுக்குள் வந்துவிட்டான். தகப்பன் எழுந்து நின்று வாய் திறக்கிறான். அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது.

"பொ… ன்… எ… ன… க்… கு… பெ… ண்… உ… ன… க்… கு…"

அனுஷா விழுங்குவதை நிறுத்தினாள்.

"பொன். எனக்கு. பெண். உனக்கு."

சொட்டுச் சத்தம் நின்றது. பாய்க்கு அந்தப் பக்கம், சுவரோரம், ஏதோ ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்தது.

"பொன் எனக்கு, பெண் உனக்கு."

திக்கவில்லை. ஏழு பாகத்திலும் அவன் தடுமாறாமல் படித்த வரி அது ஒன்றுதான். நாக்குக்குப் பழகின வரி. தங்கையின் பரிசத்தில் அப்பா இல்லாத குறைக்கு இவனே தட்டை மாற்றி, சபை நடுவில் மூன்று முறை சொன்ன சொல். மூன்றாவது தடவை சொல்லிவிட்டால் முடிந்தது. பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

புத்தி வந்து சேர்ந்தது.

விளக்குத் திரி நீலமாகச் சுருங்கியது. கையில் புத்தகம் இல்லை. உள்ளங்கையில் கனமாக, சில்லென்று, வழவழவென்று காசுகள். பாசி படிந்த பொன். உதறினான். விரல்கள் திறக்கவில்லை.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான்.

"வே…" என்றான். "ண்…"

எழுத்துகள் ஒட்டவில்லை.

யாராவது பிடித்துக்கொள்ளாமல் உட்காரவே முடியாத பெண் எழுந்து நின்றிருந்தாள். தலை குனிந்து. கூந்தல் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கதவின் தாழ் விலகிக் கிடந்தது. இருட்டை நோக்கி நீட்டிய அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் பள்ளம். யாரும் இல்லை. பள்ளம் மட்டும். அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"டா…" என்றான் அசோகன்.

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். புகுந்த வீடு போகிற பெண்கள் பார்க்கிற மாதிரி.

"போயிட்டு வரேன்பா," என்றாள். சொல்லோடு சேர்ந்து அவள் வாயிலிருந்து ஏரித்தண்ணீர் கொட்டியது.