வட்டத்தில் விழுந்த ஓட்டை

பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். எல்.இ.டி. திரைக்கு இரும்புச் சாரம் ஏற்றிய கூலியாகக் கர்ணனுக்குச் சசிதரன் தர வேண்டியது அவ்வளவுதான். கர்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து, பதினாறும் கும்பிட்டாயிற்று. செத்தவன் வந்தா கேட்கப் போகிறான்? சசிதரன் அப்படித்தான் நினைப்பான். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள்; ஓட்டினால் விரலில் ஒட்டிய பருக்கை போய்விடுமே.

அல்லிநகரத்தில் ஒரு மாடியறைதான் அவன் ஆபீஸ். காதுகுத்துக்கும் கடைத் திறப்புக்கும் பெரிய திரையில் ஓடவிடும் படம் செய்து கொடுக்கிற தொழில். படம் வரைந்துகொண்டிருந்த ஜெபஷீலாவை அன்று மத்தியானம் வேலையை விட்டு நிறுத்தினான்.

"வட்டம், சதுரம், முக்கோணம் போட இனி ஏ.ஐ. ஏஜென்ட் இருக்கு புள்ள. என்ன வேணும்னு எழுதுனாப் போதும், அதுவே சாப்ட்வேருக்குள்ள போயி வரைஞ்சு, ஆட்டியும் குடுத்துரும். டீ கேக்காது, லீவு கேக்காது."

ஜெபஷீலா பையைத் தோளில் மாட்டினாள். "நல்லதுண்ணே. அதுக்கும் காச நாளைக்கு நாளைக்குன்னு இழுத்துராதீக. கர்ணண்ணன் பொண்டாட்டிக்கு இந்தப் படியேறியே செருப்பு தேஞ்சுபோச்சு."

"செத்தவனுக்கு எதுக்குக் காசு? மேல டீக்கடையா இருக்கு?"

அவன் நகைச்சுவைக்கு அவனே சிரித்துக்கொண்டான். அவள் படியிறங்கிப் போனாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு, மேற்கு மலையை விட்டு இறங்கிய ஆடிக்காற்று கீழ்க்கடை ஷட்டரைப் போட்டு உலுக்கி, ஜன்னல் இடுக்கு வழியே புழுதியையும் எங்கோ கழிவுத் திராட்சை புளிக்கிற வாடையையும் அறைக்குள் தள்ளியது. மானிட்டர் வெளிச்சம் தவிர வேறு விளக்கில்லை. கரண்டு பில்லை நினைத்து அவன்தான் போடவில்லை. கம்பத்துத் திராட்சை வியாபாரி ஒருவரின் கடைத் திறப்புக்குக் காலையில் படம் கொடுக்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினான்: ஒரு ஊதா வட்டம் போடு, திராட்சை மாதிரி.

பக்கத்துக் கட்டத்தில் ஏஜென்ட் பதில் எழுதியது: 'வட்டம் போட்டாயிற்று.'

வட்டம் ஊதாவாக இல்லை. சுட்ட மண் நிறம்.

"முட்டாப் பய மெசினு" என்று அழித்தான். அது மறுபடி போட்டது. அதே மண் நிறம். சரி, நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திராட்சைப் பெட்டிக்குச் சதுரம் கேட்டான். அது ஆள் நீளத்துக்கு ஒரு செவ்வகத்தைப் படுக்கப் போட்டது. மலைக்கு முக்கோணம் கேட்டான். செவ்வகத்தின் தலைமாட்டில் சின்னதாக ஒரு முக்கோணம் வந்து நடுங்கியது, சுடர் நடுங்குவதுபோல.

அசைக்கச் சொல்லவே இல்லை. வட்டம் தானாகக் கிளம்பிச் செவ்வகத்தைச் சுற்றியது. நிதானமான நடை. ஒரு சுற்று முடிந்ததும் அதன் வயிற்றில் கறுப்பாய் ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கீழே வழிந்தது.

அறைக்குள் நனைந்த மண்ணின் வாசம்.

அவனுக்கு அது என்னவென்று தெரியும். கர்ணனை எரித்த அன்று சுடுகாட்டில் அவன் தம்பி மகன் தோளில் நீர்க்குடத்தோடு பிணத்தைச் சுற்றி வந்தான். சுற்றுக்கு ஒன்றாக வெட்டியான் குடத்தில் ஓட்டை போட்டான். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் ஊர்ப்பெரியவர் குரல் கொடுத்தார்: "கர்ணனோட கொடுக்கல் வாங்கல் உள்ளவுக இப்பச் சொல்லிருங்கப்பா. குடம் ஒடஞ்சுட்டாப் பேச்சில்ல." அத்தனை பேரும் சசிதரனைத்தான் பார்த்தார்கள். அவன் குனிந்து போனைப் பார்த்தான். குடம் உடைந்த சத்தம் கேட்ட பிறகே நிமிர்ந்தான்.

மறுவாரம் கூலி கேட்டு வந்த கர்ணன் மனைவி முத்துப்பேச்சியிடம், "குடம் ஒடஞ்சிருச்சு ஆத்தா, கணக்கும் முடிஞ்சிருச்சு" என்றான். பெரிய சாமர்த்தியம் பேசிவிட்டதாக நினைப்பு.

இரண்டாவது சுற்று முடிந்தது. இரண்டாவது ஓட்டை.

மின்சுவிட்சை அணைத்தான். மானிட்டர் அணையவில்லை. முதுகுக்குப் பின்னால் தரையில் சொட்டு விழுந்தது. சொட்டு. சொட்டு. யாரோ வெறுங்காலோடு அவனைச் சுற்றி நடந்தார்கள். பீடி நாற்றம். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

ஏஜென்ட் எழுதியது: 'கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் இப்போது சொல்லவும். குடம் உடைந்தால் பேச்சில்லை.'

அப்போதும் அவன் விரல் பேரம்தான் பேசியது. 'ஐயாயிரம் தருகிறேன்' என்று தட்டினான். ஒரு கணம் பார்த்தான். அழித்து 'மூவாயிரம்' என்று திருத்தினான். அனுப்பினான்.

வட்டம் மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பியது.

"தர்றேன்! முழுசாத் தர்றேன்!"

கத்தினான். வாய் திறக்கவில்லை. சத்தம் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. நாக்கின் மேல் ஏதோ நறநறத்தது. அரிசி.

மூன்றாவது ஓட்டை விழுந்தது. வட்டம் திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி மறைந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் மண்குடம் உடைந்தது.

சில்லென்ற தண்ணீர் நாற்காலிக் காலைச் சுற்றிப் பரவியது. ஓடிவிட நினைத்துச் சம்மணத்தைப் பிரித்தான். இரண்டு காலும் சேர்ந்தே நகர்ந்தன. குனிந்து பார்த்தான். செத்தவர்களுக்குக் கட்டுவதுபோல, அவன் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

ஈரக்காலடிகள் வாசலைத் தாண்டிப் படியிறங்கின. நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டத்தில் கடைசி வரி வந்தது: 'பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது. தள்ளுபடி.'

திரையில் செவ்வகத்தின் தலைமாட்டில் முக்கோணம் பற்றிக்கொண்டு பரவியது. மயிர் கருகும் வாடை அவன் தலையிலிருந்துதான் வந்தது.