பாதி பெருக்கிய முற்றம்

மஸ்தூரா டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதை நம்ப மறுத்தவர்கள் இரண்டு வகை. முதல் வகை, சுரப்பி நோய்களுக்காகத் தாஷ்கண்ட் முழுவதிலிருந்தும் அவரிடம் வந்த பழைய நோயாளிகள். இரண்டாவது வகையில் ஒரே ஒருவர்தான்: பக்கத்து வீட்டு எர்காஷ். வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டிய மனிதர். நகரத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்த பிறகு அவருக்கு ஓட்ட எதுவும் இல்லை. துப்பறியும் கதைகளை வாங்கிப் படித்து, எதிர்ப்பட்டவர்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஆப்ரிக்காட் மரம் பூத்திருந்த ஒரு காலையில், டாக்டரின் வாசலில் நஃபீசா வந்து நின்றாள். சிறுமியாக இருந்தபோது கழுத்துக் கட்டிக்கு அவரிடம் மருந்து சாப்பிட்டவள். இப்போது இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். எர்காஷ் காடைக் கூண்டைக் கையில் பிடித்தபடியே வேலியோரம் வந்துவிட்டார்.

"அன்னைக்கு என் கழுத்தைக் காப்பாத்தினீங்க டாக்டரம்மா. இப்போ கழுத்தே போகப்போகுது" என்றாள் நஃபீசா.

விஷயம் இதுதான். அவளுடைய கொழுந்தனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மணப்பெண் குல்சனம் தங்கமான பெண். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து திடீர் திடீரென்று அவள் முகம் மாவு போல வெளுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தலை பிளக்கிறது, நெஞ்சு தடதடக்கிறது. சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடுகிறாள். விருந்தாளிகள் வந்து, நஃபீசா போட்ட டீ சாப்பாட்டு விரிப்பில் வைக்கப்படும்போதெல்லாம் இது நடக்கிறது. மாமியார் ராபியா முடிவே கட்டிவிட்டார்: மூத்த மருமகள் பொறாமையில் எதையோ கலக்கிறாள்.

நாளைக்குக் கணவனின் சித்தப்பாமார்கள் வருகிறார்கள். நஃபீசாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் குழந்தைகள் இங்கேயே இருக்கட்டும் என்றும் பேச்சு. அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அம்மா சொல்வதைக் கேள் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

"போன வாரம் அவளும் அவ புருஷனும் மலைக்குப் போயிட்டு வந்தாங்க. அங்க ஒண்ணுமே வரலையாம். என் கைப்பட்ட டீ இல்லாததுனாலதான்னு அத்தை அடிச்சுச் சொல்றாங்க."

டாக்டர் மலையில் அவர்கள் எங்கே தங்கினார்கள் என்று மட்டும் கேட்டார். விடுதியில், எல்லா வேலைக்கும் ஆள் உண்டு என்றாள் நஃபீசா. விஷத்தைப் பற்றிக் கேட்காமல் விடுதியைப் பற்றிக் கேட்டதில் எர்காஷுக்கு மகா வருத்தம்.

மறுநாள் காலையிலேயே டாக்டரும் எர்காஷும் கிளம்பினார்கள். ஒரு காலத்தில் எர்காஷின் டிராம் மணியடித்துக்கொண்டு போன தெரு அது. இளம் டாக்டராக அதே டிராமில் வீடு திரும்பிய மஸ்தூராவுக்காக, மூலை நிறுத்தத்தில் அவர் கணவர் தர்பூசணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பார். கணவரும் போய்விட்டார், நிறுத்தமும் போய்விட்டது. இரண்டு பேரும் அந்த மூலையில் ஒரு நிமிடம் நின்றார்கள். எதற்கு என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை.

ராபியாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முற்றத்தில் பாதி தண்ணீர் தெளித்துச் சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. மறுபாதியில் மல்பெரிச் சருகுகள் அப்படியே கிடந்தன. நடுவில் குட்டைத் துடைப்பம் விழுந்து கிடந்தது. டாக்டருக்குத் தன் மாமியாரின் நினைவு வந்தது. புதுமருமகளாக டாக்டர் விடியலில் முற்றம் பெருக்க எழுந்து வரும்போது பாதி முற்றம் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும். யாருக்கும் தெரியாமல் மாமியார் பெருக்கிவைத்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பார். அப்படி ஒரு மனுஷி.

ஆனால் ராபியாவின் முகத்தைப் பார்த்தால், இங்கே அந்தக் கதை நடந்திருக்கும் என்று தோன்றவில்லை. டாக்டர் குனிந்து, டீக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நஃபீசா அப்போதுதான் அதைப் பற்றவைக்கச் சுள்ளி கொண்டுவந்தாள்.

சமோவார் கொதித்த பிறகு, பட்டுடையும் முக்காடுமாகக் குல்சனம் வெளியே வந்தாள். வழக்கப்படி நெஞ்சில் கை வைத்து, மூன்று முறை இடுப்பு வரை குனிந்து விருந்தாளிகளுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு விரிப்பில் உட்கார்ந்தாள். நஃபீசா ஊற்றிய டீக்கிண்ணம் அவள் கைக்குப் போகும்போதே அவள் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது.

எர்காஷ் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினார். ஒரு கணம் யோசித்தார். பிறகு, இந்த வயதுக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் காடைக்குத் தினை போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நாடியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. குல்சனத்தின் கையில் ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினார். முள் ஏறக் கூடாத இடத்துக்கு ஏறி நின்றது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது தானாக இறங்கியிருந்தது. பெண்ணின் கன்னத்திலும் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது.

மதியம் சித்தப்பாமார்கள் வந்து விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குல்சனம் எழப் போனாள். டாக்டர் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். விருந்தாளிகளுக்கு மருமகள் வணங்கவில்லையே என்று ராபியா முகத்தைச் சுளித்தார்.

"எர்காஷ் அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப டீ கதை முடிஞ்சுது. இனி முற்றத்துக் கதை. இன்னைக்கு அதைப் பாதியில விட்டது யாரு?"

குல்சனம், தலையை நிமிர்த்தாமல், தான்தான் என்றாள். குனிந்து பெருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டதாம். உள்ளே போய்ப் படுத்துவிட்டாளாம். ரொட்டி எடுக்கத் தந்தூர் அடுப்புக்குள் குனியும்போதும் அப்படித்தானாம். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. வந்த புதிதில் முடியவில்லை என்று சொல்லும் மருமகளை என்ன வளர்ப்பு என்று கேட்பார்கள். அந்தப் பேச்சைப் பெற்றவர்களுக்கு வாங்கித் தரக் கூடாது என்றே எல்லாப் பெண்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

"அவ பெருக்கினப்போ சமோவார் சில்லுனு இருந்துச்சு. டீயே இல்லாதப்போ டீல எப்படி விஷம் வரும்?" என்றார் டாக்டர். "விருந்தாளி வந்தா டீ வருது, நிஜம்தான். ஆனா அதுக்கு முன்னாடி என்ன வருது? மூணு தடவை குனியறா. நீங்க எல்லாரும் கிண்ணத்தைப் பாத்தீங்க. அவ முதுகை யாரும் பாக்கலை. மலையில யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியதில்லை, பெருக்க ஆள் இருந்தாங்க. அதான் அங்க ஒண்ணும் வரலை."

பிறகு பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல ஒரு சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பயம் வந்தால் நெஞ்சைத் துடிக்க வைக்கும் ஹார்மோனைச் சுரப்பது அதுதான். அதில் கட்டி வந்தால், பயமே இல்லாமல் அது கொட்டித் தீர்க்கும். குனியும்போது வயிறு அழுத்தினால் போதும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்ய வேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். விட்டுவைத்தால் ஒருநாள் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

"உங்கம்மா எங்க இருக்காங்கம்மா?" என்று கேட்டார் குல்சனத்திடம்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போயிட்டாங்க. பருத்திக் காட்டுல குனிஞ்சு பறிச்சிட்டிருந்தாங்களாம், அப்படியே விழுந்துட்டாங்க. வெயில்னு சொன்னாங்க."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெயிலாவும் இருக்கலாம். நாங்க படிச்சப்போ, இது பத்துல ஒருத்தருக்குத்தான் பரம்பரையா வரும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இப்ப ஆராய்ச்சி பண்றவங்க மூணுல ஒருத்தருக்காவது அப்படித்தான்ங்கிறாங்க. ரத்தத்துலயே அதைக் கண்டுபிடிச்சிடலாம். உன் கூடப்பிறந்தவங்களையும் கூட்டிட்டு வா."

சித்தப்பாமார்கள் ராபியாவைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத அந்த அம்மாள் கெண்டியை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் அடியில் கொஞ்சமே கொஞ்சம் டீ ஊற்றினார். அந்த ஊரில் வேண்டாதவருக்குத்தான் நிறைய ஊற்றுவார்கள். மதிப்புக்குரியவருக்கு ஒரு மிடறுதான், மறுபடியும் மறுபடியும் ஊற்றித்தர. அந்தக் கிண்ணத்தை, பெரியவர்களையெல்லாம் தாண்டி, நஃபீசாவிடம் நீட்டினார். நஃபீசா அதை வாங்கிக் குடிக்கும்போது கண்ணீரும் அதில் விழுந்தது.

ஆப்ரிக்காட் பழுத்த காலத்தில் குல்சனத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வாதுமைக் கொட்டை அளவு கட்டி. அவள் வீடு திரும்பும் நாளில் டாக்டரும் எர்காஷும் மறுபடி அந்தக் கதவுக்குள் நுழைந்தார்கள். முற்றம் பாதிதான் பெருக்கியிருந்தது. டாக்டருக்குத் திக்கென்றது.

மறுபாதியின் ஓரத்தில், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, ராபியா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கட்டியெல்லாம் இல்லை டாக்டரம்மா, வயசுதான். நடுவுல வந்து மானத்தை வாங்காதீங்க" என்றார்.

எழுந்து மீதியையும் பெருக்கினார். டாக்டர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் மாமியார் இருந்திருந்தால் இந்த அம்மாளுக்குப் பாதி பெருக்கிக் கொடுத்திருப்பார்.

கார் வந்து நின்றது. குல்சனம் இறங்கினாள். இனி குனியலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மாமியார், சித்தப்பாமார்கள், டாக்டர் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் எல்லோரையும் தாண்டிப் போய், கடைசியில் டீத்தட்டோடு நின்ற நஃபீசாவின் முன் நின்றாள். நெஞ்சில் கை வைத்து இடுப்பு வரை குனிந்தாள். ஒரு முறை. இரண்டு முறை. எர்காஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை நிதானமாகக் குனிந்து நிமிர்ந்தபோது, அவள் கன்னங்கள் சிவந்தபடியே இருந்தன.