முதல் நாள் மான்

எல்மா துடைத்த இடத்திலேயே மறுபடியும் ஒரு துளி ரத்தம் இருந்தது.

பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே, தரையில், மிளகு அளவுக்குத்தான். கறி நறுக்கும்போது சிந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் நறுக்கி முடித்து, பலகையைக் கழுவிக் கவிழ்த்து வெகுநேரம் ஆகிவிட்டது. குனிந்து துடைத்தபோது, பல் பிடுங்கிய இடம் விண்ணென்று தெறித்தது. வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் பார்த்து அந்தக் கடைவாய்ப் பல் மக்கர் பண்ணியிருந்தது. ஊரே மான்கறி தின்கிற வாரத்தில் அவளுக்குப் பாலும் ஓட்ஸ் கஞ்சியும்தான்.

சட்டி அடுப்பில் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. பேக்கன் என்ற உப்புப் பன்றிக்கறியைப் பொடியாக வெட்டிப் போட்டு, கொழுப்பு உருகி இறங்கியதும் அதிலேயே மான்கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயமும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்த்து, மேலே ஒரு போத்தல் பீரை ஊற்றி மூடி வைத்தால், பொழுது சாய்வதற்குள் உப்பும் புகையும் கலந்த ஒரு வாசனை மாடிப்படி வரை ஏறிப் போய், நனைந்த கம்பளிச் சட்டைகளில்கூட ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போகாது. இன்று அந்த வாசனை வரவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தால் மக்கிய இலை வாசனைதான் அடித்தது. ஏரிக்கரைச் சேற்றுக்காட்டில் பனி விழுவதற்கு முன்னால் அடிக்குமே, அந்த வாசனை.

"ரெய்னோ, கொஞ்சம் எந்திரிச்சு உக்காரு. கறி வெந்துடும். சூடா சாப்பிட்டா தெம்பு வரும்."

கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். சோபாவில் அவள் கணவன் இல்லை. அவன் படுத்திருந்த இடம் குழிந்து, தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குழியின் ஓரத்தில் ஒரு துளி. காலையில் கட்டிலிலும் இப்படித்தான், நடுவில் ஒரு குழியும் ஓரத்தில் ஒரு துளியும் இருந்தன. அங்கிருந்து எப்போது இறங்கி வந்தான் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது அவன் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், பூட்ஸ்கள் கழற்றிப் போடும் மூலையில், முழங்கால்களை வயிற்றுக்கடியில் மடித்துக்கொண்டு கிடந்தான். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வலது விலாவுக்குப் பின்னால் தோல் வழுவழுவென்று இருந்தது. கீறல்கூட இல்லை. அந்தக் காயமில்லாத இடத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்கு மத்தியானமே சொல்லியாகிவிட்டது. ஏரிப்பக்கமிருந்து கொட்டும் பனி சாலையை மூடிவிட்டது, பனி வாரும் லாரி முன்னால் வந்தால்தான் தங்கள் வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். எல்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் சளி பிடித்துக்கூட அவன் படுத்ததில்லை.

தொலைபேசி அடித்தது. எதிர்வீட்டு வெர்ன்.

"என்ன எல்மா, முதல் நாளே எட்டு முனைக் கொம்பு மான அடிச்சுட்டானாமே உன் வீட்டுக்காரன்? எங்க மானத்த வாங்கணும்னே பொறந்திருக்கான்."

"அவனுக்கு உடம்பு சரியில்ல வெர்ன்."

"அவ்ளோ பெருச ஒத்தையா இழுத்துட்டு வந்தா இடுப்பு பிடிக்காம என்ன செய்யும்? அது கிடக்கட்டும். உங்க கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருக்காரே, உள்ள கூப்பிட்டு ஒரு வாய் காபி குடுக்கக் கூடாதா? பனி இப்படிக் கொட்டுது."

"யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. இந்தக் காலத்துல யாரு ஆரஞ்சுக் கோட்டு போடாம காட்டுக்குள்ள போறா? எவனாவது மான்னு நெனச்சு சுட்டுத் தொலைக்கப் போறான். மதியத்துலேருந்து அசையாம இருக்காரு."

எல்மா ஜன்னலுக்குப் போனாள். வெளியே வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை. தோளிலும் தொடையிலும் பனி கனமாகப் படிந்திருந்தது. அதை அவன் தட்டிவிடவில்லை.

அவள் திரும்பி வந்து ரெய்னோவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த மான் யாரோடது?"

"நான்தான் சுட்டேன்."

"தோலுரிக்கும்போது பாத்தேன். ரெண்டு ஓட்டை இருந்துச்சு. ஒண்ணுல ரத்தம் காஞ்சு கறுத்திருந்துச்சு."

ரெய்னோவின் மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின.

"கீழ படுத்திருந்துச்சு. ஏற்கெனவே அடிபட்டு. தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு. நான் ஒண்ணு போட்டேன். அப்பறம் காட்டுக்குள்ளேருந்து யாரோ குரல் குடுத்தாங்க. ரெண்டு தடவ."

"நீ பதில் குடுக்கலையா?"

"எட்டு முனை, எல்மா."

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. குடித்துவிட்டுச் சண்டை போட்டால் அந்த ஊர் மன்னித்துவிடும், பெண்டாட்டியை விட்டு ஓடினால்கூட ஒரு வருஷத்தில் மறந்துவிடும். முதல் ரத்தம் எடுத்தவனுக்குத்தான் மான் என்பதை மீறினவனை மட்டும் சாகும்வரை குத்திக்காட்டும். அடிபட்ட மானை வேறொருவன் கண்டால் பக்கத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும், சுட்டவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். ரெய்னோ தன் பெயர்ச் சீட்டை அதன் கொம்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த அன்று சாயங்காலமே அதன் முதுகுச்சதையை பேக்கன் கொழுப்பில் வறுத்துத் தின்றான். வாணலியை அவர்கள் வீட்டு நாய் நக்கியது. எல்மா பல்வலியோடு பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நாயைக் காணோம். படியிலிருந்து தேவதாரு மரங்கள் வரை பனியில் துளித்துளியாகச் சிவந்திருந்தது. சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வேட்டைக்காலத்தில் வெடிச் சத்தத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

எல்மா வேட்டைக்காரர்கள் வீட்டில் பிறந்து வேட்டைக்காரனையே கட்டிக்கொண்டவள். குண்டு பட்ட மானின் பின்னால் உடனே ஓடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஓடினால் அது மிரண்டு, காடு காடாகத் தாண்டிப் போய்விடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுக்கும். ரத்தம் வடியும். எழுந்து கொஞ்ச தூரம் போய் மறுபடியும் படுக்கும். சுட்டவன் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டில். சோபா. கொல்லைக் கதவு.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. கொட்டகைக்குப் போய் அதன் பெரிய கதவை இழுத்துத் திறந்தாள். தலைகீழாகத் தொங்கிய மான் காற்றில் மெல்லத் திரும்பியது.

"உங்களோடதுதான். தப்பு நடந்துபோச்சு. எடுத்துட்டுப் போயிடுங்க, தயவுசெஞ்சு."

சிவப்புக் கோட்டுக்காரன் எழுந்தான். மானைப் பார்க்கவில்லை. அவளைக் கடந்து வீட்டுப்படிக்குப் போய்க் குனிந்தான். கையுறையைக் கழற்றி, படியிலிருந்த ஒரு துளியை விரலால் தொட்டு, இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்து நிறம் பார்த்தான். திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். இன்னும் நேரமாகவில்லை போல.

எல்மா உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். ரெய்னோ மூலையிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடியும் மடிந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இவனை விட முடியாது. திருடனோ, பேராசைக்காரனோ, இவன் அவளுடையவன்.

ஒரே ஒரு யோசனைதான் வந்தது. ஒரு தடத்தின் குறுக்கே இன்னொரு தடம் விழுந்தால் எவ்வளவு கெட்டிக்காரனும் குழம்புவான். புதிய ரத்தத்தின் பின்னால்தான் போவான். அந்த மானைத் தின்றால் அவளுக்கும் ரத்தம் வடியும்.

அவள் சட்டியின் மூடியைத் திறந்தாள். கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வெந்தது. கறி பஞ்சாக வெந்திருந்தது, பல்லே வேண்டியிருக்கவில்லை. பேக்கனின் உப்பு, கொழுப்பு, அடியில் அந்த இலை வாசனை. ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று.

விலாவுக்குப் பின்னால் எதுவோ வெதுவெதுப்பாக இறங்கியது.

ரெய்னோவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள். அவன் மூக்கு அவள் கழுத்தருகே வந்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. கண்ணில் அவளைத் தெரிந்த மாதிரி இல்லை. அவள் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே இறங்கினாள்.

பனி முழங்கால் வரை இருந்தது. கோட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள், துளிகள் நன்றாக விழட்டும் என்று. கொட்டகையை ஒட்டியே நடந்தாள். அவனுக்கு முன்னாலேயே. கையெட்டும் தூரத்தில். பிறகு ஏரியை நோக்கித் திரும்பினாள். வா. என் பின்னால் வா.

திரும்பிப் பார்த்தாள்.

அவன் எழவில்லை. அவள் மேல் அவன் கண்ணே இல்லை. அவள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது நவம்பர். இணை சேரும் காலம். முன்னால் வரும் பெண்மானை யாரும் சுடுவதில்லை. போக விடுவார்கள். அதன் பின்னாலேயே ஆண்மான் வரும்.

வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அவள் திறந்து போட்டுவிட்டு வந்த கதவு.

"உள்ள போ!" என்று கத்தினாள். வாயிலிருந்து மானின் சீறல் மட்டும் வந்தது.

ரெய்னோ படியிறங்கி வந்துகொண்டிருந்தான். கைகளையும் பனியில் ஊன்றி. தலையைத் தாழ்த்தி. அவளுடைய ஒவ்வொரு துளியையும் முகர்ந்து முகர்ந்து. கொட்டகைக்கு எதிரே, வெட்டவெளியில், விலா முழுவதும் தெரிய நின்று, தலையை உயர்த்தி அவளைத் தேடினான்.

சிவப்புக் கோட்டிலிருந்து பனி சரிந்து விழுந்தது. துப்பாக்கி நிதானமாக மேலே எழுந்தது.