வாலு பிரித்த பங்கு

இரண்டு லிட்டர் பாட்டில் பத்து. அத்தனையும் ஒரே சாக்கில். அந்தச் சாக்கு என் தோளில்.

நாற்பது பிள்ளைகள் ஆய்வுக்கூடம் பார்க்க நடந்து போனார்கள். தண்ணீர் சுமக்க டீச்சர் என்னைக் கூலிக்கு அழைத்திருந்தார். பிள்ளைகளுக்கு நான் 'தண்ணி அண்ணன்'.

வரிசையின் கடைசியில் ஒரு பெண். பட்டப்பெயர் வாலு. குறும்புக்காக வைத்ததா, எப்போதும் வால் பக்கம் நிற்பதால் வைத்ததா, அவளுக்கே தெரியாது.

ஆய்வுக்கூடத்து அக்கா நுண்ணோக்கியைக் காட்டினார். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். குச்சி மாதிரி ஒரு பாக்டீரியா. உள்ளே ஊதாப் புள்ளிகள்.

"என்னக்கா, இதுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள் வாலு.

"இல்ல கண்ணு. பாஸ்பேட்னு ஒரு சத்து. நிறையக் கிடைக்கிறப்போ மிச்சத்தை உருண்டை உருண்டையா சேர்த்து வெச்சுக்கும். இல்லாத நாளைக்கு ஆகும்ல? சாயம் போட்டதால ஊதாவா தெரியுது."

"ஏன் தள்ளித் தள்ளி இருக்கு? ஒரே மூலையில வெச்சா என்ன?"

"இது நடுவுல பிரிஞ்சு ரெண்டாகும். எல்லாம் ஒரே மூலையில இருந்தா ஒண்ணுக்கு விருந்து, இன்னொண்ணுக்குப் பட்டினி. இந்த வகை தள்ளித் தள்ளி வெச்சுக்குது. ரெண்டுக்கும் பங்கு போயிடும்."

வாலு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள்தான் தள்ளி நகர்த்தினார்கள்.

திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டில்களை நிரப்பிச் சாக்கைத் தூக்கினேன்.

"கனக்குதா அண்ணே?"

"கனமா? இன்னும் கொஞ்ச தூரம் போனா நான் உன் உயரத்துக்கு வந்துடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. சாக்கையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், நாலு பேருக்கு ஒரு பாட்டில் குடுத்துடலாமா? வரிசை நெடுக இருக்கட்டும்."

"எதுக்கு? மேல ஊத்தி விளையாடவா?"

"ஒரு பாக்டீரியாவுக்கு இருக்கிற புத்தி எங்களுக்கு இருக்காதா டீச்சர்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கு காலியானது. சாக்கோடு டீச்சர் பக்கத்தில் முன்னால் நடக்க வேண்டிய வேலை இனி இல்லை. வகுப்பிலேயே சின்னவனான பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டு, வாலுவோடு கடைசியில் நடந்தேன்.

ரயில்வே கேட் வந்தது. பாதிப் பேர் டீச்சரோடு தாண்டியதும் மணி அடித்தது, கேட் விழுந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று வந்தது. வந்தது அப்படியே நின்றும்விட்டது.

கால் மணி. அரை மணி. நிழல் இல்லை, கடை இல்லை. பொடியனின் முகம் வெளுத்தது.

"அண்ணே, தலை சுத்துது" என்று என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் குனிந்தேன். வாலு அதற்குள் பாட்டிலைத் திறந்திருந்தாள். தன் பையை அவன் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தாள்.

"மெதுவாக் குடிடா. யாரும் பிடுங்க மாட்டாங்க."

சாக்கு என் தோளிலேயே இருந்திருந்தால், அத்தனை பாட்டிலோடும் நான் ரயிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பேன்.

அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் பதறிய குரல் கேட்டது. "பிள்ளைங்களா! தண்ணி இருக்கா?"

"இருக்கு டீச்சர்! எங்க பங்கு வந்துடுச்சு!" என்று கத்தினாள் வாலு.

பொடியனுக்குக் கண் தெளிந்தது. "டீச்சருக்கு இருக்கான்னு கேளு" என்றான்.

"அவங்ககிட்டயும் அஞ்சு இருக்குடா. நீ உன் வேலையைப் பாரு."

ஒரு வழியாக ரயில் நகர்ந்தது. டீச்சர் ஓடி வந்து பொடியனைத் தூக்கிக்கொண்டார். வாலுவின் தலையைக் கோதினார்.

வாலு என் முன்னால் வந்து நின்றாள். பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அண்ணே, இது உங்க பங்கு."

எத்தனையோ வருடமாய்ச் சுமக்கிறேன். எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று யாரும் நினைத்ததில்லை.

தண்ணீர் வெந்நீராகத்தான் இருந்தது. ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.