மூன்றாவது கவுன்ட்டர் காலி

காலை 9.10.

கார் சர்வீஸ் சென்டரின் மூன்றாவது கவுன்ட்டர் காலியாக இருந்தது. நாற்காலி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, "சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன?" என்று கேட்கும் பெண்ணும் இல்லை. கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் மேஜையில் சதுரமாக, தூசியில்லாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி, தண்ணீர் காணாமல் தலை தொங்கிப்போய்.

பதினான்காம் நம்பர் டோக்கனோடு நின்ற பிஸ்கட்காரர் இதையெல்லாம் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் அவருக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலை. ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கடித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். ஏழு வாங்கிய அடுப்புக்காரர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வார். ஒருமுறை மாவில் இரண்டு தடவை உப்பைக் கொட்டியவர் யார் என்று ஆளின் சட்டையை மோந்தே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தன்னைத் துப்பறிவாளர் என்று அவர் நம்புகிறார். வேறு யாரும் நம்புவதில்லை. இதில் மனைவியும் சேர்த்தி.

"பதினாலு!"

கூப்பிட்டவர் இரண்டாவது கவுன்ட்டர்க்காரர். கழுத்தில் டை. அதை நிமிஷத்துக்கு ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன பிராப்ளம் சார்?"

"ஏ.சி. போட்டா ஈரத் துணி நாத்தம் வருது."

"ஏ.சி. கூலிங் இல்ல" என்று சொல்லிக்கொண்டே டைப் அடித்தார்.

"கூலிங் இருக்குங்க. நாத்தம்தான் வருது."

"யூனிட்டே மாத்த வேண்டி வரும் சார்."

"மோந்து பாக்காமலேயா?"

"மூணு மணிக்கு வாங்க சார்."

"இங்க ஒரு பொண்ணு இருந்தாங்களே?"

"இல்ல சார்."

"லீவா?"

"வேலையிலேயே இல்ல. கஸ்டமர் கம்ப்ளெயின்ட்."

"யாரு குடுத்தா?"

"சொல்லக்கூடாது சார். பதினஞ்சு!"

பிஸ்கட்காரர் டோக்கனை மடித்துப் பையில் போட்டார். போன மாதம் வண்டியில் கடகடவென்று ஒரு சத்தம். இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை இந்தப் பெண்ணிடம் மாட்டினார். அவள் டைப் அடிக்கவில்லை. எழுந்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நிமிஷம். "அந்த ஸ்பீட் பிரேக்கர்ல இன்னொரு தடவை ஏத்துங்க சார்." பிறகு பின் கதவின் உள்பலகையைக் கழற்றினாள். உள்ளே பேத்தியின் கோலிக்குண்டு. அதை ஒரு கவரில் போட்டு, மேலே 'சத்தம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவள் மேல் புகார் கொடுத்த கையைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

9.40. தடயம் ஒன்று. மற்றக் கவுன்ட்டர்களின் கண்ணாடியில் சிரிக்கும் மஞ்சள் முகத்தோடு ஓர் அட்டை: 'பத்துக்குப் பத்து தாருங்கள்!' மூன்றாவதில் அட்டை இல்லை. நான்கு மூலையிலும் டேப்பின் பசை மட்டும். பசையில் தூசி கறுப்பாக அப்பியிருந்தது. பிடுங்கி மாதக்கணக்காகிறது. 'யார் பிடுங்கியது? ஏன்?' என்று நோட்டில் எழுதினார்.

10.05. பின்பக்கம் வண்டி கழுவும் இடம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டவர் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"போன மாசம் மூணாவது வியாழக்கிழமை சார். மேனேஜர் கூப்பிட்டாரு, போச்சு. அஞ்சே நிமிஷம். வெளிய வந்து 'வரேண்ணா'ன்னுச்சு. அவ்வளவுதான்."

"திடீர்னா?"

"ஆறு மாசம் ஒரு சிவப்புகூட விழக்கூடாது, அப்பத்தான் வேலை நிரந்தரம். அஞ்சு மாசம் தாண்டிருச்சு."

"சிவப்புன்னா?"

"மேனேஜர் கம்ப்யூட்டர்ல வருமாம். எனக்கென்ன தெரியும்?"

"அதுக்கு முந்தின நாள் அவங்க பாத்த வண்டி எதெது?"

"மூணே வண்டி. அந்த வெள்ளை டாக்சிக்காரரு, கத்திட்டே இருப்பாரே, அவரு ஒண்ணு. எதிர்த்தாப்புல பல் டாக்டரம்மா. ரெண்டு மணி நேரம் காக்க வெச்சுட்டாங்க அவங்களை. அப்புறம் உங்க வண்டி."

பிஸ்கட்காரர் முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

10.30. டாக்சிக்காரர் காபி மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு வேலை போனதுக்கு நீங்கதானே காரணம்?"

"யோவ், நான் கத்துவேன். இன்னிக்கே ரெண்டு தடவை கத்தியாச்சு. அதுக்காக ஒருத்தர் வேலையில கை வைப்பேனா?"

"மார்க் கேட்டு போன் வந்திருக்குமே?"

"வந்துச்சு. பத்துன்னேன். எப்பவும் பத்துதான். அப்பத்தான் சீக்கிரம் போனை வைப்பாங்க."

11.00. டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் நாற்காலியில் சாய்ந்தாக வேண்டும். சாய்ந்தார்.

"தெரியாத நம்பர்னா நான் எடுக்கறதே இல்லைங்க. நல்லாத் திறங்க. இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களோ?"

"அஉ எங் ஒழில்" என்று திறந்த வாயோடு தன் தொழிலைச் சொன்னார் துப்பறிவாளர்.

12.10. ஆக, மிச்சம் ஒருவர்தான். டைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவங்க போனா உங்களுக்குத்தானே வசதி?"

"வசதியா?" டைக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அவங்க கஸ்டமர் பூரா என் தலையில. வந்து உக்காந்து என்கிட்டயே அவங்களைக் கேக்கறாங்க, உங்களை மாதிரி. எனக்கும் ஒரு சிவப்பு விழுந்தாச்சு சார். இன்னொண்ணு விழுந்தா நானும் வீட்டுக்குத்தான். ரெண்டு பிள்ளைங்க." கையைக் கூப்பிவிடுவார் போலிருந்தது. "சாயந்திரம் போன் வரும். பாத்து சொல்லுங்க சார்."

உப்பைக் கொட்டியவனுடைய வாசனை இவரிடம் இல்லை. பிஸ்கட்காரர் குழம்பிப்போய் பஸ் ஏறினார்.

1.30. வீடு. மனைவி காபியை நீட்டினார்.

"என்ன, இன்னிக்கும் ஏழுதானா?"

"ஏழு."

"முப்பத்தாறு வருஷமா ஏழு. சர்வீஸ்காரப் பொண்ணுக்கு மட்டும் எட்டு! போன்ல நீங்க உருகினதை நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஏங்க, சுடுதா?"

"அந்த போன் என்னிக்கு வந்துச்சு?"

"புதன்கிழமை. மறுநாள் நீங்க கண் டாக்டரைப் பாக்கப் போனீங்களே, போன மாசம் மூணாவது வியாழன், அதுக்கு முந்தின நாள்."

அவர் காபியைக் குடிக்காமலே வைத்தார். முப்பத்தாறு வருஷத்தில் இது முதல் தடவை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

3.15. மேனேஜர் அறை. பிஸ்கட்காரர் கேட்டுக்கொண்டதால் டைக்காரரும் பூட்ஸ்காரரும் சுவரோரம் நின்றார்கள்.

"சார், உங்க வண்டி ரெடி..."

"இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. பத்துல எவ்வளவு வாங்கினா பாஸ்?"

"ஒன்பதும் பத்தும் பச்சை. மத்ததெல்லாம் சிவப்பு."

"எட்டு?"

"சிவப்பு."

"ஒண்ணு?"

"சிவப்புதான் சார். அதுல பெரிய சிவப்பு, சின்னச் சிவப்புன்னு இல்ல."

பிஸ்கட்காரர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு வேலையைப் பறிச்ச ஆள் இந்த ரூம்லதான் இருக்காரு."

டைக்காரரின் கை டைக்குப் போனது.

"டாக்சிக்காரர் கத்தினாரு, ஆனா பத்து போட்டாரு. டாக்டரம்மா கோபமாப் போனாங்க, ஆனா போனையே எடுக்கல. அன்னிக்கு அவங்களை மனசாரப் புடிச்சுப்போன ஆள் ஒருத்தன்தான். அவன்தான் செஞ்சது."

"யாரு சார்?"

"நான்."

டைக்காரரின் கை டையிலிருந்து இறங்கியது.

"பூட்ஸ் போட்ட அண்ணன் மூணு வண்டி சொன்னாரு. ரெண்டைத்தான் எழுதினேன். மூணாவது ஆள் ரொம்ப யோக்கியன்னு நினைப்பு. கண்ணாடியில பசையைப் பாத்தேன், அட்டையை யாரோ பிடுங்கிட்டாங்கன்னு எழுதினேன். பசையில மாசக்கணக்குத் தூசி, அப்ப அங்க உக்காந்திருந்தது அவங்கதான், அவங்களேதான் பிடுங்கியிருக்கணும். மார்க்கைக் கேட்டு வாங்க மனசு வரல. அதனால எட்டுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லல. என் ஊர்ல எட்டுதாங்க உச்சம். அந்தப் பேச்சு பதிவாயிருக்குமே, போடுங்க."

மேனேஜர் தேடிப் போட்டார். நாலு நிமிஷம் இருபது செகண்ட். கடைசியில் பிஸ்கட்காரரின் குரல்: "கண்ணை மூடிட்டு என் வண்டியைக் கேட்டுச்சும்மா அந்தப் பொண்ணு. முப்பத்தொரு வருஷத்துல நான் எட்டு போட்டது பதினோரு தடவை. இது பன்னெண்டாவது. எழுதிக்குங்க. எட்டு."

"இதை நீங்க கேட்டீங்களா?"

"எனக்குக் கலர்தான் சார் வரும்" என்றார் மேனேஜர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "மாசம் எழுநூறு வண்டி."

"இப்பவாவது மாத்துங்க. பத்துன்னு போட்டுக்குங்க. நூறுன்னு போட்டுக்குங்க."

"போன மாசக் கணக்கை மூடியாச்சு சார். திங்கட்கிழமை அந்த இடத்துக்கு வேற ஆள் வர்றாங்க."

பிஸ்கட்காரர் எழுந்தார். "அந்தச் செடியையாவது எடுத்துக்கலாமா?"

5.20. பூட்ஸ்காரர் சொன்ன சைக்கிள் கடை. அவள் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழலவிட்டு, கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்காரர் செடியை நீட்டியபடியே ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"அந்தப் பதிவை மேனேஜர் கேக்கல. நான் அன்னிக்கே கேட்டுட்டேன். ரெண்டு தடவை."

"என் மேல கோபம் வரலையா?"

"வராம? மூணு நாள் திட்டினேன். எங்க வீட்ல இன்னும் பிஸ்கட் வாங்கறதில்ல."

"வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பத்துன்னு மாத்திச் சொல்லியிருப்பேன்."

"மாத்தியிருப்பீங்க. அதான் வரல." செடியைக் குழாயடியில் வைத்தாள். "பத்து எனக்கு நிறையப் பேர் போட்டிருக்காங்க சார். எதுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"இந்த வேலை எப்படி?"

"பரவால்ல. சைக்கிள்ல சத்தத்துக்கு ஒளிய இடம் கிடையாது, சீக்கிரம் மாட்டிக்கும்." சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். "கார் மாதிரி வராது."

பிஸ்கட்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"வணக்கம் சார், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறோம். இன்னிக்கு எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வழியெல்லாம் வண்டிக்குள் அதே ஈரத் துணி நாற்றம். கூடுதலாக, ஸ்டியரிங்கில் யாருடைய கிரீஸோ. நாக்கு நுனியில் 'ரெண்டு' வந்து நின்றது. கூடவே ஒரு டையும் வந்து நின்றது.

"பத்து" என்றார். வாழ்நாளில் அவர் போட்ட முதல் பத்து.

"கருத்து ஏதாவது சொல்லணுமா சார்?"

"சொன்னா யாராவது கேப்பாங்களாம்மா?"

"பதிவாகும் சார்."

"பத்து மட்டும் போதும்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வண்டிக்கு என்ன சார்?"

"ஏ.சி. போட்டா நாத்தம்."

"சாவியைக் குடுங்க."

முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைத் திறந்தாள். மேலாக ஒரு கவர். 'சத்தம்' என்று அவள் கையெழுத்தே. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு டேஷ்போர்டின் மேல் வைத்தாள். பெட்டியைக் கழற்றி, உள்ளே கை விட்டு, ஃபில்டரை உருவினாள். அழுகிய இலை, ஒரு கை நிறைய. தட்டித் துடைத்து, திரும்பப் பூட்டி, கவரை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இப்ப போட்டுப் பாருங்க."

போட்டார். காற்று வந்தது. காற்று மட்டும்.

பழக்கதோஷத்தில் அவர் வாய் ஒரு நம்பரைச் சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டார்.