பதிகாலம்

எதிர்வீட்டு செல்வநாயகம் காலமாகி நான்கு வருடமாகிறது. அவருடைய கார் மட்டும் இன்னும் திருந்தவில்லை. அவர் மனைவியை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட முனையில் இருக்கும் டீக்கடை முன்னால் ஓரங்கட்டி நின்றுவிடும். ஒரு மனிதர் நிதானமாக ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் நின்ற பிறகுதான் கிளம்பும். அந்த அம்மாள் முதல் வருடம் அழுதாள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பழகுபொறி என்ற புதுவகை எஞ்சின் வந்ததிலிருந்து கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட கார்கள் பெருகிவிட்டன. பழகுபொறியின் உலோகம் தொழிற்சாலையை விட்டு வரும்போது அரைவேக்காட்டுச் சோறு மாதிரி இருக்கும். முதல் இரண்டாயிரம் கிலோமீட்டரில் அதை ஓட்டுகிறவர் எங்கே மிதிக்கிறார், எந்த வளைவில் தயங்குகிறார், பிரேக்கில் எப்போது கால் வைக்கிறார் என்பதெல்லாம் அதில் படியும். அதற்குப் பதிகாலம் என்று பெயர். பிறகு உலோகம் இறுகிவிடும். இறுகியபின் ஓட்ட ஆள் வேண்டாம். முதலில் ஓட்டியவரைப் போலவே கார் தானாக ஓடும். ஒருமுறை இறுகியதை யாராலும் மாற்ற முடியாது.

"செத்தும் டீ குடிக்கிற மனுசன்" என்று எங்கள் தெரு சென்னியப்பன் தன் வீட்டு மாடியிலிருந்து கேலி செய்துகொண்டிருந்தார். பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். மகள் சுடரின் மருத்துவப் பரிசோதனை முடிவு வந்த அன்றோடு அந்தக் கேலி நின்றுபோனது.

சுடர் பந்தயக்காரி. மற்றவர்கள் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தாண்டி, போச்சு என்று பார்க்கிறவர்கள் எழுந்து நிற்கும்போது பிரேக் பிடிப்பாள். அதனாலேயே ஜெயித்தாள். தாயில்லாமல் வளர்ந்த பெண். அவள் ஓட்டும் பந்தயத்தை சென்னியப்பன் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றுகொள்வார். இப்போது அவளுடைய நரம்புகள் ஒவ்வொன்றாகத் தளரப்போகின்றன. முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் குரல் என்று டாக்டர் சொன்னார். அதற்கு அடுத்தது என்ன என்று இருவரும் கேட்கவில்லை.

சென்னியப்பன் மறுவாரமே சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக் கார் வாங்கினார். பழகுபொறி வைத்தது. மகளுடைய கை விழுவதற்குள் அந்தக் கையை இரும்பில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

"மெதுவா பதியவிட்டா எண்பது வருசம் உழைக்கும் சார்" என்றாள் ஷோரூம் பொறியாளர் ஜெஸிந்தா. "பதிகாலத்துல அறுபதைத் தாண்டாம, திடீர்னு மிதிக்காம ஓட்டணும். ஆரம்பத்துலயே முறுக்கினா உலோகம் தேய்ஞ்சுடும். பத்து வருசம் வந்தா அதிகம். ஆனா ரேஸ் ஓட்டறவங்க நிறைய பேர் முறுக்கித்தான் பதிக்கறாங்க. எஞ்சின் எதைப் பார்க்குதோ அதைத்தானே படிக்கும்?"

சென்னியப்பனுக்கு எண்பது என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே தகராறு ஆரம்பித்தது.

"நான் ஓட்டற மாதிரியேதானுங்ப்பா ஓட்டோணும்" என்றாள் சுடர். "அப்பத்தான அது நானா இருக்கும்?"

"பத்து வருசத்துல வீணாப் போயிருமாம் அம்மணி."

"பத்து வருசம் போதுங்ப்பா."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது." அவர் வண்டியின் மேல் கை வைத்தார். "அப்பறம் அதும் போயிருச்சுன்னா நான் எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? சொல்லு பாக்கலாம்."

ட்ராக்கில் யாருக்கும் வழிவிடாத பெண், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு சரி என்றாள். அவளுடைய வாழ்க்கையிலேயே அவள் எடுத்த ஒரே தவறான வளைவு அதுதான் என்று நான் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பார்த்திருந்தால் நீங்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

தினமும் அதிகாலையில் கிளம்பினார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட சென்னியப்பன் கிழிக்க விடவில்லை. வீட்டு சோபாவுக்கும் இன்றுவரை உறை உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் வேகமுள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டால் "மெதுவா அம்மணி" என்பார். லாரி தெரிந்தால் "விட்ரு, அவன் போகட்டும்" என்பார். சுடர் விட்டுக்கொடுத்தாள். ஸ்டியரிங்கில் இருந்த அவள் விரல்கள் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தன. அதையும் அவர் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார்.

ஒரே ஒரு நாள் மட்டும் பிசகியது. கோத்தகிரி போகிற மலைப்பாதையில், குஞ்சப்பனை என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவு. இரவு மழை பெய்து சாலை கழுவிவிட்டது போல் இருந்தது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. சுடர் மிதித்தாள். பொறி முதல் முறையாகத் தன் முழுக் குரலில் கத்தியது. மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒன்று வந்துபோனது.

"சுடர்!" என்று அலறி, சென்னியப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் உடனே பிரேக் போட்டாள். கார் முகம் தாழ்ந்து நின்றது.

"கெட்டுப் போயிருமே, கண்ணு" என்றார், மூச்சு வாங்க.

"சரிங்ப்பா" என்றாள். அதன்பிறகு அவள் மிதிக்கவே இல்லை.

பதிகாலம் முடிந்ததைக் காட்டும் பச்சை விளக்கு காரில் எரிந்தபோது அவளால் தன் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. அவள் முடித்துக் கொடுத்துவிட்டாள் என்பதில் சென்னியப்பனுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. ஓட்டுநர் சீட்டில் தான் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டு, "கோத்தகிரி" என்றார். கார் தானாகக் கிளம்பியது.

தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. மேட்டுப்பாளையம் சாலையில் இடது ஓரமாகவே போனது. லாரிகள் முந்தின. டவுன் பஸ் முந்தியது. பால் கேன் கட்டிய ஒரு மொபெட்காரர், இந்தச் சிவப்புப் பந்தயக் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி முந்திப் போனார். சுடருக்கும் முதலில் சிரிப்பு வந்தது. காரமடை தாண்டியபோது அது நின்றுவிட்டது.

"இது நானில்லீங்ப்பா" என்றாள். குரல் ஏற்கெனவே குழையத் தொடங்கியிருந்தது. சொற்களைத் தேடித் தேடி எடுத்துவைத்தாள். "இது நீங்க."

சென்னியப்பன் மிதியை அழுத்திப் பார்த்தார். முள் ஐம்பத்தைந்து வரை வந்தது, பிறகு பயந்தது போல் இறங்கியது. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் இறங்கியது. போனை எடுத்து ஜெஸிந்தாவை அழைத்தார்.

"மறுக்கா பதிக்க முடியாதுங்களா?"

"முடியாது சார். இறுகினா இறுகினதுதான்." எதிர்முனையில் அவள் எதையோ தட்டிப் பார்த்தாள். "ஆனா இவ்வளவு சுத்தமா பதிஞ்ச பொறி இந்த வருசத்துல நான் பார்த்ததே இல்லை. எண்பது வருசத்துக்கு உங்களுக்குக் கவலையே இல்லை சார்."

அவர் போனை வைத்தார். எண்பது வருடத்துக்கு இந்தக் கார் அவருடைய பயத்தை ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு திரியும். அவர் போன பிறகும் திரியும். மகளின் கையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்தக் கையின்மேல் வைத்த தன் கையை மட்டும் காப்பாற்றிவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டில் அவள் அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

மலைப்பாதை வந்தது. கார் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஒதுங்கி, ஏறியது. குஞ்சப்பனை தாண்டி அந்த வளைவுக்கு வந்தது.

திடீரென்று பொறி கத்தியது.

இருவரும் சீட்டோடு அழுந்தினார்கள். சாலை அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. சுடரின் தொண்டையிலிருந்து, பந்தயம் ஜெயித்த நாட்களில் வருமே, அந்தச் சத்தம் வந்தது. இதுதான் அவள். சென்னியப்பன் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் ஓட்டத்தை முகம் திருப்பாமல் பார்த்தார்.

உடனே கார் பிரேக் போட்டது. யாரோ அதட்டியது போல முகம் தாழ்ந்து, தயங்கி, பிறகு ஐம்பதில் ஊர்ந்தது. யார் அதட்டியது என்று அவருக்குத் தெரியும்.

சுடரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவர் துண்டால் துடைத்துவிட்டார்.

"இன்னொருக்கா... போலாங்ப்பா" என்றாள்.

"திரும்பு" என்றார் சென்னியப்பன் காரிடம். "வேகமாத் திரும்பு."

கார் இண்டிகேட்டர் போட்டது. அகலமான இடம் வரும்வரை இன்னும் கொஞ்ச தூரம் மேலே போய் ஓரங்கட்டி நின்றது. மேலிருந்து வரிசையாக இறங்கிய லாரிகளில் கடைசி லாரியும் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, மெதுவாகத் திரும்பியது.