மரம் இறுகும் வரை

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர அடுப்படிக்குப் போன பத்து நிமிடத்துக்குள் மேசையில் கிடந்த வேட்டைத் துவக்கு திரும்பியிருந்தது. சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போனது யேசுரத்தினத்துக்கு நல்ல ஞாபகம். வேலைக்கு வருகிற எந்தத் துவக்கானாலும், அதில் மருந்தும் இல்லை ரவையும் இல்லை என்று தெரிந்தாலும், வாயைச் சுவர்ப் பக்கமாகத்தான் வைப்பான். இப்போது அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பூனாகலைத் தோட்டம் முழுவதையும் மூடிய பனி, அதற்குள் மழைத்தூறலில் சொட்டச் சொட்ட நனைந்த தேயிலை, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பள்ளிக்கூடம்.

"பூனை தட்டியிருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டில் பூனை கிடையாது. மறுபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

வாய்வழியாக மருந்தைப் போட்டு இடிக்கிற பழைய துவக்கு அது. பக்கத்து மலை வீரய்யா அண்ணன், பன்றி வெடிக்க லைசன்ஸ் வைத்திருப்பவர், அதன் மரக்கட்டையில் வெள்ளிக்கொடி ஒன்று ஓடவேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். பதுளையில் வெள்ளிக்கடையில் பதினைந்து வருடம் குந்தியிருந்த கை யேசுரத்தினத்துடையது. மரத்தைத் தோண்டமாட்டான். மெல்லிய உளியால் கீறல் மட்டும் போடுவான். தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை அந்தக் கீறலில் நிறுத்தித் தட்டி இறக்குவான். பிறகு ஈரத்துணி. மரம் தண்ணீரைக் குடித்து, ஊதி, வெள்ளியைக் கவ்விக்கொள்ளும். நன்றாக இறுகிவிட்டால் குறடு வைத்து இழுத்தாலும் வராது. காலையில் மகள் பள்ளிக்கூடம் போனபின் முடித்த ஏழு இலைக் கொடி கட்டையில் மினுங்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீரய்யா ஒரு பழைய அரைஞாண் துண்டைக் கையில் கொடுத்து, "இந்த வெள்ளியிலதான் செய்யணும் தம்பி, வேற எதையும் சேத்துறாத" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உருக்கப் போட்டால் அது கறுப்பாகப் பொங்கியது. மயிர் கருகுகிற நாற்றம் வீடு முழுக்க. கடைசியில் உருக்குகிற மண்குகையில் மிஞ்சியது ஒரு பிடி சாம்பல், அதையும் வீட்டோரத் தண்ணிக் கானில் கொட்டினான். ஒருத்தர் நம்பிக் கொடுத்த வெள்ளியைக் கெடுத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? தகரப்பெட்டியில் மகள் நிலக்ஷனா இரண்டு வயதில் போட்ட கொலுசு கிடந்தது. அவளுக்கு இப்போது எட்டு வயது. வெள்ளி வெள்ளிதானே என்று அதை எடுத்து உருக்கினான்.

ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது. பனிக்குள்ளிருந்து அது யாரோ தண்ணீருக்கடியில் தட்டுவதுபோல் வந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மரத்தின்மேல் மரம் மெதுவாக உரசும் சத்தம். யேசுரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தான். துவக்கு மேசையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. சுவரை விட்டு, மூலையை விட்டு, ஜன்னலுக்கு வந்து, அதையும் தாண்டி, தேயிலைக்குள்ளாக இறங்குகிற குறுக்குப்பாதை இருக்கும் திசையில் வந்து நின்றது. நின்றதா? இல்லை. நூல் நூலாக நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் பாதை வளைகிற இடத்துக்கு நேராக அதுவும் வளைந்தது. எட்டு வயதுப் பிள்ளை நடக்கிற வேகம்.

ஐயோ, என் பிள்ளை.

இடிகம்பியை உருவிக் குழலுக்குள் விட்டான். அடி வரைக்கும் போகவேண்டும். நாலு விரல் குறைய எதிலோ முட்டி நின்றது. நேற்று அவன் கையாலேயே துடைத்த வெறும் குழல் அது; இப்போது யாரும் போடாத மருந்து உள்ளே இருந்தது.

ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று வீரய்யாவுக்கு எடுத்தான்.

"அண்ணே, துவக்கு தானா திரும்புதுண்ணே."

"திரும்பத்தான் செய்யும். எங்கண்ணன் வீட்டுப் பக்கமாத்தானே?"

"ஸ்கூல் பக்கமாண்ணே."

"அந்த அரைஞாண் வெள்ளிதானே போட்ட? எங்கண்ணன் இடுப்புல கெடந்தது?"

"அது கருகிப்போச்சுண்ணே. எம் மகளோட கொலுச உருக்கிப் போட்டேன்."

"அடப்பாவி." வீரய்யாவின் குரல் உடைந்தது. "யாரு வெள்ளியோ அவங்க உயிரத்தான் அது எடுக்கும். மரம் எறுகிருச்சுன்னா, ஆள் நேருக்கு நேரா வந்தாப் போதும், யாரும் விசைய இழுக்க வேணாம். புடுங்குடா. புடுங்கிட்டு வெறுமையா மட்டும் விட்றாத. வெறுமையா இருந்தா மொதல்ல முன்னுக்கு வர்ற ஆள எடுத்துரும். வேற யாரோடதயாவது வச்சு எறுக்கு. கேக்குதா? வேற யாரோடதயாவது..."

இணைப்பு அறுந்தது.

மனைவி நேசராணி மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடலாம் என்றால் அவள் போன் சாமிப் படத்தடியில் கிடந்தது. ஓடிப்போய் மகளை மறிக்கலாம். மறித்து எங்கே கொண்டுபோவது? எங்கே போனாலும் இது திரும்பும். துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவள் கண்ணெதிரே கொண்டுபோய் நீட்டியதாகும். வீரய்யாவின் அண்ணனுடைய வெள்ளியில் ஒரு துளி மிஞ்சியிருந்தால்கூட, அந்த மனிதனைப் பற்றி ஒரு நொடியும் யோசிக்காமல் அதை எடுத்து வைத்திருப்பான். அது கானில் போய்விட்டது.

குறடு வைத்து இழுத்தான். முதல் இலை அசையவில்லை. கேஸ் ஊதுவிளக்கைப் பற்றவைத்து வெள்ளியைச் சூடேற்றினான். கம்பியைச் சுற்றி மரம் கரிந்து இளகியது. இழுத்தான். வந்தது. இரண்டாவது. மூன்றாவது. விரல்நுனி வெந்தது. நாலாவதில் கம்பி அறுந்தது, கத்தியால் குத்திக் கிளறினான். துவக்கின் வாய் தொட்டி வளைவைத் தாண்டி வீட்டுப் பக்கமாக வெகுதூரம் வந்துவிட்டிருந்தது. "யேசப்பா, யேசப்பா" என்று முனகிக்கொண்டே ஏழாவதையும் பிடுங்கினான்.

துவக்கு நின்றது.

பிறகு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை பாதையைப் பார்த்து அல்ல. இங்கும் அங்கும் நாய் மோப்பம் பிடிப்பதுபோல் அலைந்தது. வாசல். ஜன்னல். வாசல். முதலில் முன்னுக்கு வருகிற ஆள். அவள்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதிலாகத் தன்னையே கொடுக்கலாம். ஆனால் அவன் உடம்பில் வெள்ளி ஏது? மோதிரம் இல்லை. சங்கிலி இல்லை. பயத்தில் பல்லைக் கடித்தபோதுதான் நினைவு வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கடைவாய்ப்பல்லை அடைத்தபோது, இது என்ன உலோகம் டொக்டர் என்று தொழில்காரப் புத்தியில் கேட்டு வைத்திருந்தான். பாதரசமும் வெள்ளியும் என்றார்கள்.

குறட்டை வாய்க்குள் விட்டான்.

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை பல் உடைந்தது. தாடைக்குள் வெள்ளை வெளிச்சம். தரையில் ரத்தம். மேசையில் துப்பினான். பல்லின் ஓட்டோடு ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துணுக்கு. நொறுக்கினான். கீறலுக்குள் திணித்தான். சுத்தியல். கேத்தலில் மிச்சமிருந்த சுடுதண்ணீரைக் கட்டையின்மேல் ஊற்றினான். மரம் சத்தம் போட்டுக் குடித்தது.

துவக்கின் வாய் அலைவதை விட்டது. மெல்ல, மிக மெல்ல, அவனைப் பார்த்துத் திரும்பியது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. பிள்ளை பிழைத்தாள், அது போதும். முன்கதவைத் தாழ்போட்டான். கடைசி நேரத்தில் கால் தானாக ஓடிவிடக் கூடாதென்று, மேசைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்தில் முக்காலியைப் போட்டு, முழங்கால் மேசைக்கடியில் சிக்க உட்கார்ந்துகொண்டான். குழலின் வாய் நெஞ்சுக்கு நேராக ஒரு முழத் தூரத்தில் நின்றது. மரம் இறுகவேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அவள் வருவதற்கு முன் முடிந்துவிடவேண்டும்.

கர்த்தரே, சீக்கிரம்.

க்ரீச் என்று அடுப்படிப் பின்கதவு திறந்தது. அதை அவன் மறந்தே போயிருந்தான்.

"அப்பா, முன்கதவு ஏன் பூட்டிக் கெடக்கு?" நனைந்த சப்பாத்துச் சத்தம். "அப்பா!"

"போ! வெளிய போ!" என்று கத்தினான். உடைந்த வாயிலிருந்து சொல் வரவில்லை. கொழகொழவென்று ரத்தம்தான் வந்தது.

பயந்த பிள்ளை எங்கே ஓடும்? அப்பாவிடம்தான் ஓடியது. மேசைச் சந்துக்குள் நுழைந்து, மடியில் ஏறி, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அப்பா ரத்தம், அப்பா ரத்தம்" என்று அழுதது. மழையும் தேங்காயெண்ணெயும் மணக்கிற தலை அவன் நெஞ்சில் புதைந்தது. தள்ளினான். விரலைப் பிரித்தான். உடம்பைத் திருப்பிக்கொள்ள முயன்றான், முழங்கால் நகரவில்லை. தள்ளத் தள்ள அவள் பிடி இறுகியது.

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். கட்டையில் தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. மரம் ஒருமுறை முறுகியது. தொடுவார் யாருமில்லாமல், துவக்கை வெடிக்கவைக்கத் தட்டுகிற குதிரை பின்னால் மடிந்து போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், மழையில் நனைந்து ஒட்டியிருந்த இடத்தில், குழலின் வாய் தொட்டும் தொடாமலும் நின்றது.